ஸ்பீச் தெரபி படித்தவர் ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் போகலாமா?

சென்னையில் பி.ஏ.எஸ்.எல்.பி. எனப்படும் பேச்சு-செவித்திறன் இளங்கலைப் படிப்பின் இன்டர்ன்ஷிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கிளினிக் வேலை உடனே கிடைக்கும்போல் இருக்கிறது. ஆனால் பாடம் நடத்துவதிலும் ஆய்விலும்தான் எனக்கு ஆர்வம். எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று போனால் ஸ்கோப் உண்டா? தமிழை வைத்து ஆய்வு செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா?” ஸ்கோப் என்று எழுதியிருந்தாலும் வேலைவாய்ப்புக் கணக்கை மட்டும் அவர் கேட்கவில்லை என்று படுகிறது. நோயாளிகளை விட்டு விலகிவிடுவேனோ, அப்படி விலகினாலும் அதற்கு ஈடாக உருப்படியாக ஏதாவது செய்வேனா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. மிச்சம் இருக்கிறதா என்பதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடித்தளமே மிச்சம் இருக்கிறது. தமிழ் பேசும் ஒரு குழந்தையின் பேச்சில் எது இயல்பு, எது கோளாறு என்று அளக்கும் கோலையே நாம் இன்னும் சரியாகச் செய்து முடிக்கவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் துறையின் படிப்பும் பதிவும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் கீழ் வருகின்றன. பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டு, அதில் கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். அதற்கு மேல் 2 ஆண்டு முதுகலை. முன்பு பேச்சு, செவித்திறன் இரண்டும் சேர்ந்த ஒரே பட்டமாக இருந்தது. இப்போது பேச்சு-மொழி நோயியல் தனி எம்.எஸ்சி., ஆடியாலஜி எனப்படும் செவித்திறன் இயல் தனி எம்.எஸ்சி. என்பதால், எந்தப் பக்கம் என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். முதுகலை முடித்ததும் அதைக் கூடுதல் தகுதியாக ஆர்.சி.ஐ. பதிவில் ஏற்றிவிடுங்கள். மாணவர்களின் கிளினிக்கை மேற்பார்வையிட அந்தப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்விப் புள்ளிகளை ஆண்டுதோறும் சேர்த்துவராமல் கடைசி மாதத்தில் ஓடுபவர்கள் நிறைய. பிஎச்.டி.க்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. தொடக்கத்தில் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகவும் செய்யலாம், அதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். சென்னையையும் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., மெர்ஃப் பேச்சு-செவித்திறன் கல்வி நிறுவனம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை இந்தத் துறையில் கற்பிக்கும் இடங்கள். 1965-இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் ஒரு ராத்திரி ரயில் தூரம்தான்.

சம்பளம், பணிநேரம் பற்றி ஒரு வார்த்தை. யு.ஜி.சி. அளவுகோலில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். ஆனால் தனியார் நிறுவனங்களில் இந்த எண் எல்லா இடத்திலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்: வகுப்பைத் தவிர கிளினிக் மேற்பார்வை வாரம் எத்தனை மணி நேரம், ஆய்வுக்கென்று ஒதுக்கிய நேரம் டைம்டேபிளிலேயே இருக்கிறதா, மாலையில் தனிப்பட்ட முறையில் தெரபி கொடுக்க அனுமதி உண்டா. டைம்டேபிளில் இல்லாத ஆய்வு நேரம் கடைசியில் ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் விழும்.

இனி, கிளினிக்கை விட்டு விலகுவோமா என்ற பயம். இந்தத் துறையில் ஆசிரியராக இருப்பவர் கிளினிக்கை விட முடியாது, விடவும் கூடாது. ஆசிரியப் பணியின் பாதி, வகுப்பறையில் இல்லை. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மாணவர் நடத்தும் செஷனைப் பார்ப்பதில் இருக்கிறது. புது ஆசிரியர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்றே ஒன்று. மாணவர் தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்ச் செஷனைத் தாங்களே நடத்தத் தொடங்கிவிடுவார்கள். குழந்தைக்கு அன்றைக்கு நல்ல தெரபி கிடைக்கும், மாணவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார். ஜீன் ஆண்டர்சன் 1988-இல் விளக்கிய மேற்பார்வைப் படிநிலை இதற்கு நல்ல வழிகாட்டி: முதலில் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்து மதிப்பிடும் கட்டம், அடுத்து இருவரும் சேர்ந்து யோசிக்கும் கட்டம், கடைசியில் மாணவரே தன்னை மதிப்பிட்டுக்கொள்ளும் கட்டம். ஒரு மாணவர் திக்குவாயில் மூன்றாம் கட்டத்திலும், அஃபேசியா எனப்படும், மூளைப் பாதிப்பால் வரும் மொழியிழப்பில் முதல் கட்டத்திலும் இருக்கலாம். எந்த ஆண்டு மாணவர் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நடைமுறையில் பலன் தரும் வழி ஒன்று உண்டு. மாணவர் செஷன் நடத்தும்போது அவரும் நீங்களும் தனித்தனித் தாளில் சரி, தவறு குறியுங்கள். “குழந்தை இன்னைக்கு நல்லா பண்ணுச்சு மேடம்” என்று வருபவரிடம் “20 தடவையில் எத்தனை?” என்று கேளுங்கள். அவர் தாளில் 16, உங்கள் தாளில் 11 என்றால், அந்த 5 குறிகளைப் பற்றிப் பேசுவதுதான் அன்றைய பாடம். அதே நாளில் பேசிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பேசினால் அந்த ஒலி இருவர் காதிலும் இருக்காது.

அந்த 5 குறிகளில் இருந்துதான் ஆய்வும் தொடங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கினால் தெளிவாகும். குழந்தையின் ஒலிப்புக் கோளாறு எவ்வளவு தீவிரம் என்று சொல்ல, சரியாக ஒலித்த மெய்களின் சதவீதத்தைக் கணக்கிடுகிறோம். ஷ்ரிபெர்க், க்வியட்கோவ்ஸ்கி இருவரும் 1982-இல் கொடுத்த அளவு: 85-க்கு மேல் லேசானது, 65 முதல் 85 வரை லேசிலிருந்து மிதமானது, 50 முதல் 65 வரை மிதத்திலிருந்து தீவிரமானது, 50-க்குக் கீழே தீவிரம். இப்போது ‘வாழைப்பழம்’ என்ற சொல். பேச்சில் ‘வாழப்பழம்’. இரட்டித்த ப்ப்-வை ஒன்றாக எண்ணினால் மெய்கள் ஐந்து. தெற்கே மதுரைப் பக்கத்திலிருந்து வந்த வீட்டுக் குழந்தை ‘வாளப்பளம்’ என்கிறது, வடசென்னைக் குழந்தை ‘வாயப்பயம்’ என்கிறது. இரண்டு ழகரமும் தவறு என்று குறித்தால் ஐந்தில் மூன்று, 60 சதவீதம். பேச்சுத்தமிழில் சொல்லின் இறுதி மகரம் தனி மெய்யாக ஒலிப்பதில்லை, முன்னுள்ள உயிர் மூக்கொலியாகிவிடும். அதையும் ‘மெய் விடுபட்டது’ என்று குறித்தால் ஐந்தில் இரண்டு, 40 சதவீதம். தன் அம்மா பேசுவதை அச்சு அசலாகப் பேசும் குழந்தை இந்தச் சொல்லில் ‘தீவிரம்’ என்ற கட்டத்துக்குள் போய்விட்டது. வட்டார வழக்கைத் தவறாக எண்ணக்கூடாது என்று அந்த முறையே சொல்கிறது. ஆனால் தமிழில் எது வட்டார வழக்கு, எந்த வயதுவரை எந்த மாற்றம் இயல்பு என்பதை எந்த ஆங்கிலக் கையேடும் நமக்காக எழுதி வைத்திருக்காது. அதை எழுதுவது இங்கே இருப்பவர்களின் வேலை.

ஆங்கிலத் தேர்வுகளில் ஓர் ஒலியைச் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் சோதிப்பார்கள். தமிழில் அப்படி அப்படியே நகல் எடுக்க வழியில்லை. தமிழ்ச் சொற்கள் ட, ற, ண, ழ, ள ஆகியவற்றில் தொடங்குவதில்லை, வல்லினத்தில் முடிவதும் இல்லை. ஆனால் இன்றைய சென்னைக் குழந்தையின் வாயில் ‘டிவி’, ‘டாக்டர்’, ‘பஸ்’, ‘கேக்’ எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான். இவற்றைத் தேர்வில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால் வீட்டில் ஆங்கிலம் எவ்வளவு புழங்குகிறது என்பதும் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடும். சேர்க்காவிட்டால் குழந்தை உண்மையில் பேசும் பேச்சில் ஒரு பகுதி விடுபடும். தமிழ் ஒலிப்புத் தேர்வு ஒன்று 1986-இல் மைசூர்ப் பல்கலைக்கழக முதுகலை ஆய்வேடாக உருவானது, அதன் மதிப்பு குறையவில்லை. ஆனால் அன்றைய குழந்தை கேட்டு வளர்ந்த தமிழும் இன்று வேளச்சேரி அடுக்ககத்தில் வளரும் குழந்தையின் தமிழும் ஒன்றல்ல.

மொழி வளர்ச்சியை அளப்பதில் சிக்கல் இன்னும் ஆழம். ரோஜர் பிரவுன் 1973-இல் பிரபலமாக்கிய முறையில், குழந்தை பேசியதில் 100 கூற்றுகளை எடுத்து, ஒரு கூற்றுக்குச் சராசரி எத்தனை உருபன், அதாவது பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறு, என்று எண்ணுவோம். ‘சாப்டுட்டு இருந்தேன்’ என்பதில் எத்தனை? சொல்லாக எண்ணினால் இரண்டு. வினையடி, எச்ச விகுதி, துணைவினை, காலம், இடம்-எண்-பால் என்று பிரித்துக்கொண்டே போனால் ஐந்தைத் தாண்டும். ‘இருந்தேன்’ என்பதைக் குழந்தை பிரித்து அறிந்து சொல்கிறதா, மொத்தமாக மனப்பாடமாகச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரே பதிவை இரண்டு முதுகலை மாணவர்கள் எண்ணி இரண்டு விடை சொன்னால் இருவரையும் குறை சொல்ல முடியாது, விதி எழுதப்படவில்லை. ஆகவே தரவு சேகரிக்கும் முன்னரே, எதை ஒன்று என்று எண்ணுவோம், எதை எண்ணமாட்டோம் என்று இரண்டு பக்கத்துக்கு விதி எழுதுங்கள். 20 கூற்றுகளில் இருவர் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். ஒத்துப்போகாத இடங்களில் விதியைத் திருத்துங்கள். முழுத் தரவும் வந்த பிறகு அதில் 10 முதல் 20 சதவீதத்தை இரண்டாம் நபர் மறுபடி எண்ண வேண்டும். தரவை முடித்துவிட்டு விதி எழுதுபவர்கள் எல்லாவற்றையும் மறுபடி எண்ண நேர்கிறது, ஆய்வேடுகள் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்த்த தேர்வுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் ஆய்வுத் தலைப்பாகப் பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அஃபேசியாவுக்கான ஆங்கிலத் தேர்வு ஒன்றைத் தமிழாக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். பாஸ்டன் பெயரிடும் தேர்வில் 60 படங்கள், சுலபத்திலிருந்து கடினத்துக்கு வரிசையாக இருக்கும். அதில் பீவரும் இக்ளூவும் ஏகார்னும் உண்டு. ஸ்ட்ரோக் வந்த ராயபுரத்துப் பெரியவருக்கு அவற்றின் பெயர் வராமல் போனால் மூளையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவராது. படத்தை மாற்றினால் அந்தக் கடின வரிசை குலைந்துவிடும், பிறகு பழைய மதிப்பெண் அட்டவணை செல்லாது. மாற்றிய தேர்வை நோயில்லாத தமிழர்களிடம் வயது, படிப்பு வாரியாகக் கொடுத்து அட்டவணையைப் புதிதாகத்தான் போட வேண்டும். பதிப்பகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். இதற்கு மேல் நமக்கே உரிய சிக்கல், எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் வேறாக இருப்பது. “படத்தில் காணப்படுவது யாது” என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை விழிக்கும், “இது என்ன?” என்றால் சொல்லிவிடும். வாசிப்புப் பகுதியை எழுத்துத்தமிழில் வைத்து, அதில் வரும் தடங்கலை உரையாடலில் வரும் தடங்கலோடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது திக்குவாயையா அல்லது அவருக்குப் புழக்கமில்லாத நடையையா என்று பிரித்தறிய முடியாது. ஆய்வேட்டில் கட்டளை வாக்கியங்களை எந்த நடையில் சொன்னீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். பலர் எழுதுவதில்லை, அதனால் அந்த ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்ய முடிவதில்லை.

ஒலிப்பதிவில் கெட்டுப்போகும் ஆய்வுகள் அதிகம் என்பதால் சில எண்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை ஒலியியல் பகுப்பாய்வுக்கு எடுக்காதீர்கள், அது சுருக்கிய ஒலி. மைக் உதட்டிலிருந்து எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கட்டும், தலையில் மாட்டும் மைக் இதற்கு நல்லது. மே மாதமானாலும் பதிவு ஓடும்போது ஃபேனையும் ஏசியையும் நிறுத்தியே ஆக வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 100 ஹெர்ட்ஸிலும் ஏறி உட்காரும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், மென்பொருள் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். ஆள் வருவதற்கு முன் பத்து விநாடி வெறும் அறையைப் பதிவு செய்து பார்த்துவிடுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பூர்ஸ்மாவும் வேனிங்க்கும் உருவாக்கிய பிராட் என்ற ஒலிப் பகுப்பாய்வு மென்பொருள் இலவசம். அதில் ஃபார்மன்ட், அதாவது உயிரொலிகளை வேறுபடுத்தும் ஒத்ததிர்வு, அளக்கும் உச்சவரம்பை ஆணுக்கு 5000, பெண்ணுக்கு 5500, சிறு குழந்தைக்கு 8000 ஹெர்ட்ஸ் வரை என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் குழந்தையின் உயிரொலிகளுக்கு வரும் எண்கள் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

ஆள் சேர்ப்பதுதான் அடுத்த தடை. முதுகலை ஆய்வேட்டுக்கு உங்கள் கையில் இருப்பது ஓராண்டுக்கும் குறைவு. அதில் நெறிமுறைக் குழு அனுமதிக்கே சில வாரங்கள் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துபூர்வச் சம்மதமும் வாங்க வேண்டும். தெரபி முறைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியில் பதிய வழியில்லை. தலைப்பை முடிவு செய்யும் முன் மருத்துவமனைப் பதிவேட்டைத் திறந்து, நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்குப் பொருந்துபவர்கள் கடந்த 12 மாதங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். அதில் பாதிப் பேர் உங்களுக்குக் கிடைப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர் திருவண்ணாமலையிலிருந்து ஒருமுறை வருவார், வாரம் இருமுறை வரச் சொன்னால் பேருந்துச் செலவும் கூட வருபவரின் கூலியும் தடுக்கும். ஒரே மாதிரியான 30 பேர் கிடைக்காத நிலையில், வேறுபட்ட 15 பேரை வைத்துக் குழு ஒப்பீடு செய்து ‘வேறுபாடு இல்லை’ என்று முடிப்பதைவிட, நான்கு பேரை வைத்துத் தனிநபர் சோதனை வடிவமைப்பில் செய்வது எவ்வளவோ மேல். தெரபிக்கு முன்பு குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து முறை அளந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தெரபியை வெவ்வேறு வாரத்தில் தொடங்குங்கள். தெரபி தொடங்கிய வாரத்தில்தான் ஒவ்வொருவரிடமும் மாற்றம் வருகிறது என்றால், தானாகவே தேறினார் என்று சொல்லிவிட முடியாது.

கட்டுரை வெளியிடுவது பற்றிச் சுருக்கமாக. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்த யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு உடனே பணம் கேட்கும் இதழ் எதுவானாலும் தள்ளிப் போங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனத் தகுதிகளும் அவ்வப்போது மாறுபவை, ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் ஆர்.சி.ஐ., யு.ஜி.சி. தளங்களில் இருப்பதையே நம்புங்கள். முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் இடையில் கிளினிக்கில் வேலை செய்ய வேண்டுமா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இரண்டு ஆண்டு செய்வது நல்லது என்பது என் தீர்ப்பு. வாரத்துக்கு இருபது குழந்தைகளைப் பார்ப்பவருக்குத்தான் எந்தத் தேர்வு எங்கே பொய் சொல்கிறது என்பது கையில் படும். ஆனால் வருமானத்துக்குப் பழகிவிட்ட வீடு, உதவித்தொகைக்குத் திரும்புவதைத் தாங்குமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். பேச்சுத் தொழில்நுட்பம் நம் வேலையை எவ்வளவு மாற்றும் என்பதிலும் துணிந்து ஆரூடம் சொல்லமாட்டேன். இங்கே சென்னையிலேயே ஐ.ஐ.டி.யிலும் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியிலும் தமிழ்ப் பேச்சை வைத்து வேலை நடக்கிறது. எஸ்.எஸ்.என்னில் பேச்சுத் தசைக் கோளாறு உள்ளவர்களின் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பையும் உருவாக்கியிருக்கிறார்கள். கோட்டூர்புரம் வித்யாசாகரில் வாய்ப்பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகளில் நீண்ட கால அனுபவம் இருக்கிறது. பொறியாளரிடம் கணக்கு இருக்கும், பேச்சைக் கேட்டுச் சரியாகக் குறியிடும் காது நம்மிடம் இருக்கிறது.

இன்டர்ன்ஷிப் முடிய இருக்கும் இந்த மாதங்களிலேயே தொடங்கலாம். பேச்சில் குறையில்லாத நான்கு வயதுக் குழந்தைகள் ஐந்து பேரை, பெற்றோரின் அனுமதியோடு, வீட்டில் விளையாடும்போது அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். இது ஆய்வுக்காக அல்ல, உங்கள் காதுக்கான பயிற்சி. ஆளுக்கு 100 கூற்றுகளை ஐ.பி.ஏ. எனப்படும் சர்வதேச ஒலிக் குறியீட்டில் எழுதுங்கள். முதல் குழந்தைக்கு ஒரு வாரம் பிடிக்கும். குழந்தைப் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் சைல்டெஸ் பொதுத் தொகுப்பில் இருக்கும் நரசிம்மன் தமிழ்த் தொகுப்பை இறக்கி, குழந்தைப் பேச்சை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிஎச்.டி. கைடைத் தேடும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் கடைசியாக முடித்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: எத்தனை ஆண்டு ஆனது, வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், அவர்கள் தரவில் எழுதிய கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அங்கே சேரலாம்.